ஐம்பதுக்கு ஒன்று

கிளேர்வுட் பந்தய மைதானத்தில் பதினொரு வருஷம்
காலையில் சாணி அள்ளினேன்,
பகலில் கள்ளச் சீட்டு விற்றேன்.
ரெண்டுக்கும் ஒரே வாசனை.

குதிரை பார்க்க எனக்குத் தெரியும்.
முழங்காலைத் தொட்டுச் சூடு சொல்வேன்.
கண்ணோரத்து வெள்ளையில் பயம் தெரியும்.
காதை மடக்கும் விதத்தில்
நேற்று யாரோ அடித்தது தெரியும்.
தேறாது என்று நான் சொன்னது
தேறியதில்லை, இரண்டே தரம் தவிர.

என்னையும் அப்படித்தான் பார்த்து வைத்திருந்தேன்.
முப்பத்திநாலு வயது. இடது கால் கொஞ்சம் இழுக்கும்.
கனகவல்லியின் தோட்டை அடகு வைத்து
மூன்றாம் ஓட்டத்தில் விட்டவன்.
ஐம்பதுக்கு ஒன்று என்று கூவினாலும்
எவனும் ஆறு பென்ஸ் கட்டமாட்டான்.

அந்த ஜூலைக் குளிரில்
மெர்பேங்கில் கூடாரம் போட்டிருந்தார்கள்.
தேடிப் போனேன் என்று சாட்சி சொல்ல ஆசைதான்.
இல்லை.
கடன் கொடுத்த ஃபிரெடி நாயுடு
சைக்கிளில் வந்துகொண்டிருந்தான்.
கித்தானைத் தூக்கி உள்ளே நுழைந்தேன்,
கடைசி பெஞ்சு, கம்பத்துக்குப் பின்னால்.

பிரசங்கம் ஒரு வரிகூட நினைவில்லை.
காற்றில் எண்ணெய் ஆலை நாற்றம்.
பெட்ரோமாக்ஸில் ஒரு விட்டில்
விழுந்தது, எழுந்தது, மறுபடி விழுந்தது.
அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எப்போது அழத் தொடங்கினேன், தெரியாது.
வெளியே வந்தபோது நாயுடு நின்றிருந்தான்.
நானே போய்க் கையைப் பிடித்து
வெள்ளிக்கிழமைக்குள் பாதி தருகிறேன் என்றேன்.
அவன்தான் பயந்துபோனான்.

முன் வரிசையில் லோகநாதன் முழங்காலில் இருந்தான்.
ஏழு இரவும் இருந்தான்.
தராசில் விரல் வைக்காத தோட்டக்காரன்;
அம்மாவைக் கடைசிவரை கழுவித் துடைத்தவன்.
எட்டாம் நாள் கூடாரத்தைப் பிரிக்கும்போது
முளை பிடுங்கக்கூட வந்தான்.
"எனக்கு ஒண்ணும் நடக்கலடா" என்றான்,
நேற்று மழை இல்லை என்பதுபோல.

வேதத்தில் ஒரு வார்த்தை வரும்: தெரிந்துகொண்டார்.
டர்பனில் பிறந்த என் அரைகுறைத் தமிழில்
விவரம் அறிந்தார் என்றுதான் அதற்கு அர்த்தம்.
கடவுள் என்னைத் தெரிந்துகொண்டார் என்று படித்ததும்
வியர்த்துவிட்டது.
தோடு. மூன்றாம் ஓட்டம். கோணிக்குள் திருடிய ஓட்ஸ்.
போதகர் தேவசகாயம் சிரித்தார்.
தேர்ந்தெடுத்தார் என்று பொருள் தம்பி.
இரண்டுக்கும் ஒரே சொல்லா?
ஒரே சொல்தான்.

சவுத் கோஸ்ட் ரோடு முழுக்க அதை மென்றுகொண்டே நடந்தேன்.
முழங்கால் சூட்டைத் தொட்டுப் பார்த்தும்
கயிற்றை விடாத கை.
ஓட்டம் குறிக்கும் முன்னே,
மைதானத்தில் புல் முளைக்கும் முன்னே
என் பேரில் கட்டப்பட்ட பணம்.

அப்படியானால் லோகநாதன்?

கேட்டேன். போதகர் குயவனைப் பற்றி,
களிமண்ணைப் பற்றிச் சொன்னார்,
நடுவில் நிறுத்திக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார்.
அந்த நிறுத்தத்துக்காகத்தான்
இன்றும் அவரை மதிக்கிறேன்.
எனக்குக் களிமண் தெரியாது. லாயம் தெரியும்.
நல்ல குதிரை உள்ளே நிற்க
நொண்டியை ஏன் அவிழ்த்தீர் என்று
தினமும் ராத்திரி கேட்கிறேன்.
என் ஜெபங்களில் இதுதான் பழசு.
பதில் வரவில்லை. கதவும் சாத்தவில்லை.

போன சனிக்கிழமை அவன் தோட்டத்துக்குப் போனேன்.
குனிந்து தக்காளி பறித்துக்கொண்டிருந்தான்.
எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஒரே சொல்லையும்.
நிமிராமல் சொன்னான்:
"உன் ஆண்டவருக்குக் குதிரை பார்க்கத் தெரியாதுடா."
ஆமாம் என்றேன்.
என்னிடம் இருக்கிற நற்செய்தி அவ்வளவுதான்.

அவன் சிரித்தான். என் பையை வாங்கி
கை கையாக அள்ளிப் போட்டான்,
அடிபட்டது, பழுத்தது, பச்சை, எதையும் பார்க்காமல்,
போதும் போதும் என்று நான் சொல்லச் சொல்ல.
தராசு பக்கத்தில்தான் இருந்தது.